பெரட்டும் புரட்டும்

"இதென்ன பிள்ளை, சந்தைக்குப் போய் அரிசி வாருங்கள்ினேன் எண்டு கிடக்கு?"

லீலாதேவி மிஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரைக்குக் கிட்டக் குனிந்தார். பின்னால் நின்ற ஹுமைத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அரிசிக்கு மரியாத குடுத்திருக்கா மிஸ். வாருங்கள், அமருங்கள்னு."

"நீர் சும்மா இரும். யசோ, இங்க பாரும். 'அடுப்பில் எப்போதும் கேத்தல் இருக்கிறதும்.' அந்த மனிசி 'இருக்கும்' எண்டெல்லோ சொன்னது? மாத்தச் சொன்ன 'இருக்கு' எல்லாம் அப்படியே கிடக்கு. 'போறேன்' எல்லாம் போறேனாவே கிடக்கு. இது திருத்துற புரோகிராமோ, குழப்புற புரோகிராமோ?"

யசோதினி விசைப்பலகையைக் கிட்ட இழுத்தாள். "பாக்கிறன் மிஸ். எங்கயோ ரூல் பிழைச்சுப்போச்சு."

"பாரும், பாரும். ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக் கூட்டத்துக்குச் சனம் வருகுது."

பதுளை பஸார் வீதியில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது அந்த அலுவலகம். கீழே பாண் போறணையில் வைத்தால் மேலே எல்லாருக்கும் பசிக்கும். தேயிலைத் தோட்டத்துப் பெண்களின் பேச்சை ஒலிநாடாவில் பதிந்து, எழுத்தாக்கி, இணையத்தில் ஏற்றி, பிறகு புத்தகமாகவும் போடுவதுதான் வேலை. லீலாதேவி மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர். பதுளைக்குப் படிப்பிக்க வந்து, ஓய்வு பெற்ற பிறகும் ஊர் திரும்பாமல் இங்கேயே நின்றுவிட்டவர். தெமோதரை, எல்ல என்று பஸ் ஏறி இறங்கி, மழையில் நனைந்து, அந்தக் குரல்களையெல்லாம் அவரே சேர்த்தார். காதால் கேட்டது கேட்டபடி தட்டெழுதிக் குவித்தாயிற்று. அதற்குப் பிறகுதான் அவருக்கு ஒரு பயம் வந்தது.

"உப்பிடியே போட்டால் கொழும்பில, யாழ்ப்பாணத்தில வாசிக்கிறவை சிரிப்பினம். அதுகளைப் பார்த்து ஒருத்தரும் சிரிக்கக் கூடாது. எழுத்துத் தமிழில வரவேணும்."

ஒருத்தரும் சிரிக்கக் கூடாது என்பதில் லீலாதேவி மிஸ்ஸைவிட யசோதினிக்கு அக்கறை அதிகம். அத்தனை பக்கத்தையும் கையால் மாற்ற ஆயுள் போதாது. நான் புரோகிராம் எழுதுகிறேன் மிஸ் என்று முன்னுக்கு நின்றவள் அவள்தான். இந்த மாதிரி எழுத்துகள் வந்தால் இந்த மாதிரி மாற்று என்று கணினிக்கு இடுகிற கட்டளைக்கு ரெகெக்ஸ் என்று படித்த இடத்தில் பேர் சொல்லியிருந்தார்கள். அவள் சுருக்கமாக ரூல் என்பாள். போறேன் வந்தால் போகிறேன். இருக்கு வந்தால் இருக்கிறது. வாங்க வந்தால் வாருங்கள்.

மிஸ் போன பிறகு ஹுமைத் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கம்பியூட்டர் பழுது பார்க்கிறவன், ப்ரொஜெக்டர் தூக்குகிறவன், பதுளையிலேயே பிறந்து வளர்ந்தவன்.

"என்ன புள்ள, 'வாங்க'ங்கிறது தனிச் சொல்லா வந்தாத்தானே மாத்தச் சொல்லியிருப்ப?"

"அப்பிடித்தான் போட்டிருக்கிறன். சொல்லுக்கு முன்னுக்கும் பின்னுக்கும் எல்லைக் குறி வச்சிருக்கு."

"அப்ப 'வாங்கினேன்'ல ஏன் பூந்திச்சு?"

அவள் ரூலை மறுபடி மறுபடி பார்த்தாள். "வாங்கப் போனேன்" பிழையில்லாமல் இருக்கிறது. "வாங்கல" தப்பித்துவிட்டது. "வாங்கினேன்" மட்டும் மாட்டிக்கொண்டது. ககரத்துக்கு மேல் ஏறியிருந்த இகர விசிறியைப் பார்த்தபோதுதான் சட்டென்று பிடிபட்டது.

"இது இங்கிலீசுக்கெண்டு செஞ்ச குறி. எங்கட விசிறியும் கொம்பும் புள்ளியும் இதுக்கு எழுத்தே இல்லை. 'வாங்க' முடிஞ்சு விசிறி வந்ததும் சொல்லு முடிஞ்சுபோச்செண்டு நினைக்குது."

"'இருக்கு'க்கு என்ன?"

"அதுக்கு நேர்மாறு. 'இருக்கு' உகரக் கொம்பில முடியுது. கொம்பும் எழுத்தில்லை, அதுக்குப் பிறகு வாற இடைவெளியும் எழுத்தில்லை. அங்க எல்லையே இல்லையெண்டு விட்டுட்டுப் போகுது. 'இருக்கும்' எண்டா கொம்புக்குப் பிறகு 'ம' வருது. இந்தா எல்லை எண்டு வெட்டுது."

"அடடா. விட வேண்டியத வெட்டி, வெட்ட வேண்டியத விட்டிருக்கு. எங்கட கவர்மெண்ட் ஒபிசு மாதிரி."

சிரித்துவிட்டு ஹுமைத் தேத்தண்ணி எடுக்கக் கீழே இறங்கினான். அவள் எல்லைக் குறிகளையெல்லாம் தூக்கினாள். அந்த இடத்தில், இதற்கு முன்னாலோ பின்னாலோ தமிழ் எழுத்தோ குறியோ எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது என்று புதிதாக எழுதினாள். பெயர்ச்சொற்களுக்கு அது சரிவராது. அவற்றின் வாலில் க்கு, ல, த்துல என்று ஏதாவது ஒட்டிக்கொண்டேதான் இருக்கும். வாலைப் பிடித்துவைத்துக்கொண்டு தலையை மட்டும் மாற்று என்று அவற்றுக்கு வேறு ரூல் போட்டாள். கை ஓடியது. ஒவ்வொரு பெயர்ச்சொல்லாக இறங்கி வந்தவள் ஒரு வரியில் நின்றாள்.

பெரட்டு வந்தால் புரட்டு.

போன மாதம் மிஸ்தான் அந்தச் சொல்லைக் காட்டிக் கேட்டார். "யசோ, ஒருத்தர் விடாமல் 'பெரட்டு, பெரட்டு' எண்டு சொல்லுகினம். பொறந்தது எண்டால் பிறந்தது, பெரண்டது எண்டால் புரண்டது. அப்ப இது புரட்டுத்தானே? ஏமாத்து?"

"ஓம் மிஸ், அப்பிடித்தான் இருக்கும்" என்றாள் யசோதினி.

பெரட்டு என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாதா? தோட்டத்தில் பொழுது விடிகிறபோது ஆட்களெல்லாம் வரிசையாக வந்து நிற்கிற இடம் அது. கங்காணி பேர் கூப்பிடுவார், இன்ன மலைக்குப் போ என்று பிரித்துவிடுவார். வெள்ளைக்காரன் காலத்துப் பரேட் என்ற சொல், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாய்களில் உருண்டு பெரட்டு ஆகிவிட்டது. தெமோதரைக்கு மேலே கீழ்ப்பிரிவு லயத்தில் அவளுடைய அப்பா இராமையாவும் அம்மாவும் இன்றைக்கும் பெரட்டுக்குப் போகிறவர்கள்தான். சின்ன வயதில் அம்மா அவளை, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு ஓடியதும் அந்தப் பெரட்டுக்குத்தான்.

ஆனால் மிஸ்ஸுக்கு அதைச் சொல்வதென்றால், உமக்கெப்படித் தெரியும் என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டுமே. வேலைக்கு வந்த அன்று, "எந்த இடம் பிள்ளை?" என்று கேட்டபோது, "ஹிந்தகொட மிஸ்" என்றிருந்தாள். போர்டிங் அங்கேதான். "அப்பா?" "கடையொண்டில இருக்கிறார் மிஸ்." அன்றிலிருந்து ஆமாவை ஓம் ஆக்கி, இல்லீங்களை இல்லை மிஸ் ஆக்கி, வாயில் வருகிற ஒவ்வொரு சொல்லையும் பல்லுக்குள்ளேயே திருத்தி வெளியே விட்டு வந்தாள். அதில் ஒரு நாளும் பிழை வந்ததில்லை.

இப்போது அந்த வரியைத் தூக்கிவிட்டிருக்கலாம். பெரட்டு பெரட்டாகவே நின்றிருக்கும், கேட்டால் விடுபட்டுப்போச்சு மிஸ் என்று சமாளித்திருக்கலாம். தூக்கவில்லை. பெரட்டுக்கு, பெரட்டுல, பெரட்டுக்களத்துல என்று வாலெல்லாம் பார்த்துப் பார்த்து, ஒன்றுகூடத் தப்பாதபடி எழுதினாள். தேத்தண்ணியோடு வந்த ஹுமைத் அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

"பெரட்டுன்னா தோட்டத்துல காலைல ஆள் நிக்கிறதில்லையா? எங்கட வாப்பா தோட்டத்துக்கு மரக்கறி கொண்டு போற காலத்துல சொல்லுவார், பெரட்டுக் கலைய முந்திப் போகணும்னு."

"எனக்குத் தெரியாது. மிஸ் சொன்னது."

"மிஸ் சொன்னா சரிதான். நமக்கென்ன" என்று அவன் தேத்தண்ணியை அவள் கையில் கொடுத்தான்.

புரோகிராமை ஓட்டினாள். அரிசி ஒழுங்காக வாங்கப்பட்டது. கேத்தல் அடுப்பில் இருக்கும் என்றே இருந்தது. போறேன்கள் போகிறேன்களாயின. லீலாதேவி மிஸ் வாசித்து வாசித்துப் பூரித்துப்போனார்.

"இப்ப பாரும், எவ்வளவு லட்சணமாய் இருக்கு. கெட்டிக்காரி நீர்."

ஒரு பக்கத்தில் வந்து அவர் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். "'விடிவதற்கு முன்பே எழுந்து புரட்டுக்குப் போய்விடுவோம். புரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைக்குப் பேர் கிடையாது. புரட்டுக்களத்தில் மழையில் நின்று நின்றே எனக்குக் கால் வெளுத்துப்போனது.'" கண்ணாடியைக் கழற்றினார். "கேட்டீரோ? ஒளிக்காமல் சொல்லுறா. களம் எண்டுறது கொழுந்து நிறுக்கிற இடமாக்கும். நிறுவையில கள்ளம். அதைச் செய்யாட்டி மற்றவைக்குள்ள ஒரு பேர் இல்லையாம். பாவம், பசி என்னவெல்லாம் செய்விக்குது. இப்பிடி வெளிப்படையாய்ச் சொல்ல எங்களுக்கு வருமோ?"

"வராது மிஸ்" என்றாள் யசோதினி.

"இதைத்தான் முதலாவதாய்ப் போடப் போறன். 'புரட்டுக்களம்' எண்டே தலைப்பு. முன்னுரை நான் எழுதுறன். ஞாயிற்றுக்கிழமை இதைத்தான் சனத்துக்கு முன்னால வாசிக்கிறது. சொன்னவவும் வருவா. ஆர் இது... வேலாயி. தெமோதரை, கீழ்ப்பிரிவு."

வேலாயி யசோதினியின் அத்தை. அப்பாவோடு கூடப்பிறந்தவள்.

சனிக்கிழமை பகல் அவள் தெமோதரைக்குப் பஸ் ஏறினாள். அத்தையை எப்படியாவது வரவிடாமல் செய்துவிட வேண்டும். சொன்னவள் சபையில் இல்லையென்றால் அது வெறும் எழுத்து. யாரோ எதையோ வாசித்துவிட்டுப் போவார்கள். அப்படித்தான் அவளால் யோசிக்க முடிந்தது.

வேலாயி தண்ணீர் கொட்டுகிற பீலிக்கரையில் சேலை அலசிக்கொண்டிருந்தாள். மருமகளைக் கண்டதும் ஈரக் கையோடு எழுந்து, துரை வீட்டு அம்மாவுக்குப் போடுவதுபோல ஒரு கும்பிடு போட்டாள்.

"வாங்க நோனா, வாங்க. கார நிப்பாட்டிட்டு நடந்தா வந்தீக?"

"சும்மா இரு அத்தை."

"எப்புடிடி சும்மா இருக்குறது? நாளைக்கு நான் பதுளையில பேசுறவ. பாரு, இராக்கம்மாகிட்ட சேல எரவல் கேட்டு வாங்கியிருக்கேன். அவ குடுக்குறப்பவே, கற பட்டா நீயே வச்சுக்க, இன்னொன்னு வாங்கிக் குடுன்னுட்டா. அதான் இப்பவே அலசி, என்னென்ன கற முன்னாடியே இருக்குன்னு அவளுக்கே காட்டிட்டேன்."

யசோதினி சிரிக்கவில்லை. "அத்தை, நாளைக்கு மழ வரும் போல இருக்கு. நீ வந்துதான் ஆகணுமா?"

"மழையா? மழைக்குப் பயந்தவ கொழுந்து எடுத்துருப்பாளா?" என்ற வேலாயி, சேலையைப் பிழிந்த கையை அப்படியே நிறுத்தினாள். மருமகளின் முகத்தைப் பார்த்தாள். பகடி எல்லாம் வடிந்துவிட்டது.

"ஓ. அதுக்கா இம்புட்டுத் தூரம் வந்த?"

"எதுக்கு?"

"பயப்படாதடி. நான் ஒன்னயத் தெரிஞ்சவளாக் காட்டிக்க மாட்டேன். அன்னைக்குப் பேச்சுப் புடிக்க வந்தப்பவே, எங்கண்ணன் மவ பதுளையில கம்பியூட்டர் வேல பாக்குறான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். ஒங்கம்மாதான் சொல்லி வச்சிருந்துச்சே, அவ அங்க நம்மளப் பத்திச் சொல்லிக்கலைன்னு. பஸ்ஸுல வர்றவளுக எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். எவளாவது அவள வாடி போடின்னீங்க, நாக்க அறுத்துருவேன்னு. இராக்கம்மாவுக்குத்தான் ரெண்டு தடவ சொல்லியிருக்கேன். அவ வாய் நிக்காது."

பீலித் தண்ணீர் கல்லில் விழுந்து தெறித்தது. அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. லயம் முழுக்கத் தெரிந்திருக்கிறது. எல்லாரும் அவளுக்காகக் கூடிப் பேசி ஒரு முடிவு எடுத்திருக்கிறார்கள்.

"அத்தை... நீ பேசினதுல..."

"என்னடி? நல்லாப் பேசலையா?"

"நல்லாத்தான் பேசியிருக்க."

"பெரட்டப் பத்திச் சொன்னேனே, அத போட்டுட்டாங்களா? அதுதான்டி நல்லா வந்துச்சு. சொல்றப்ப எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. அந்த டீச்சரம்மா கண்ணத் தொடச்சுக்கிச்சு."

"போட்டிருக்காங்க அத்தை. அதத்தான் மொதல்ல போட்டிருக்காங்க."

"மொதல்லயா!" என்று வேலாயி வாயில் கை வைத்தாள். "இராக்கம்மா பேசுனதுக்கு முன்னுக்கா?"

யசோதினி தலையாட்டினாள். லயத்துக்குள்கூடப் போகாமல், அம்மாவையும் பார்க்காமல் இறங்கி வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாருக்கும் முன்னால் அலுவலகத்தைத் திறந்து அந்த வரியை அழித்தாள். புரோகிராமை மறுபடி ஓட்டினாள். புரட்டுகளெல்லாம் பெரட்டுகளாகத் திரும்பி வந்தன. திரையில் காட்டப்போகிற பக்கங்களை மாற்றி வைத்தாள். தலைப்பையும் கையால் திருத்தினாள். மிஸ் திரையைப் பார்த்துத்தான் வாசிப்பார், வித்தியாசம் கண்ணில் பட்டால் தட்டச்சுப் பிழையென்று கடந்துவிடுவார், யாருக்கும் எதுவும் தெரியவராது என்று மனதுக்குள் கோடு போட்டு வைத்திருந்தாள். மிஸ் தன் பிரதியை வெள்ளிக்கிழமையே அச்செடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டது அவளுக்குத் தெரியாததல்ல. அதை நினைக்காமலிருக்கப் பார்த்தாள்.

கோயில் மண்டபத்தில் முன்வரிசைக் கதிரைகள் தோட்டத்துப் பெண்களுக்கு. அவர்கள் பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டு, மிஸ் கையைப் பிடித்து இழுத்து வந்த பிறகுதான் முன்னுக்கு வந்தார்கள். வேலாயி எரவல் சேலையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். யசோதினி இருந்த மேசைப் பக்கம் அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. மற்றவர்களும் அப்படியே. அத்தனை பேரும் அவளைப் பார்க்காமலிருக்கப் படுகிற பாட்டை யாராவது கவனித்திருந்தால் அதிலேயே விளங்கியிருக்கும்.

லீலாதேவி மிஸ் கையிலிருந்த தாளைப் பார்த்து முன்னுரையை வாசித்தார்.

"'பசி மனிதரைப் புரட்டுக்குத் தள்ளும். அதை மறைக்காமல் சொல்வதற்கு ஒரு துணிவு வேண்டும். இந்த மலைகளின் பெண்களிடம் அந்தத் துணிவைக் கண்டேன்.'"

நகரத்து ஆட்கள் கை தட்டினார்கள். தோட்டத்துப் பெண்களும் பார்த்துவிட்டுத் தட்டினார்கள். மிஸ் அடுத்த தாளுக்குப் போனார்.

"'விடிவதற்கு முன்பே எழுந்து புரட்டுக்குப் போய்விடுவோம். புரட்டுக்குப் போகாவிட்டால்...'"

முன்வரிசையில் ஒரு சலசலப்பு. இராக்கம்மா வேலாயியின் காதில் என்னவோ கேட்டாள். வேலாயி மெதுவாக எழுந்தாள்.

"டீச்சரம்மா. நான் அப்புடிச் சொல்லலீங்களே."

"இருங்கோ அம்மா, பயப்படாதேங்கோ. உங்களை ஒருத்தரும் பிழை சொல்லேல்லை. நீங்கள் உண்மையைச் சொன்னது பெரிய விசயம்."

"உண்மைதாங்க சொன்னேன். ஆனா புரட்டுன்னு நான் எப்பங்க சொன்னேன்? நாங்க களவெடுத்தமா? பொய் சொன்னமா?" கையை விரித்தாள். "கொழுந்துல ஒரு கல்லு, ஒரு முத்துன எல கலந்து குடுத்ததில்லீங்க. கங்காணியக் கேளுங்க. யாரைன்னாலும் கேளுங்க."

மிஸ் தடுமாறித் திரையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே பெரிய எழுத்தில் 'பெரட்டுக்களம்' என்றிருந்தது. தாளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். கடைசியில் பிழை எங்கேயென்று கண்டுகொண்டவர்போல மேசைப் பக்கம் திரும்பினார்.

"யசோ, இதென்ன திரும்பவும் பிழை? பழைய பிழையெல்லாம் வந்திட்டுது. வந்திருக்கிறவைக்கு முன்னால இப்பிடியே செய்யிறது? அந்த அம்மாவும் அதைப் பார்த்துத்தான் குழம்பிறா."

வேலாயிக்கு வாசிக்கத் தெரியாது. அது யசோதினிக்குத் தெரியும். ஹுமைத் அவளை ஒரு பார்வை பார்த்தான். தன்னுடைய பிழை மிஸ் என்று இப்போது சொன்னால் போதும். மிஸ் இரண்டு வார்த்தை ஏசிவிட்டுத் தாளைப் பார்த்துத் தொடர்ந்து வாசிப்பார். அத்தை உட்கார்ந்துவிடுவாள். உட்கார்ந்துவிடுவாளா?

அத்தை இன்னும் நின்றுகொண்டிருந்தாள். சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு, யாராவது கேளுங்களேன் என்பதுபோல மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள். யசோதினியை மட்டும் விட்டுவிட்டுப் பார்த்தாள்.

யசோதினி எழுந்தாள்.

"திரையில இருக்கிறதுதான் சரி மிஸ். அது புரட்டில்ல. பெரட்டு. காலையில ஆள் நின்னு பேர் குடுக்கிற எடம். பேர்னா அன்னைக்கு வேலைக்குப் போடுற பேர்."

"உமக்கெப்படித் தெரியும்?"

"எங்க அப்பாவும் அம்மாவும் பெரட்டுக்குப் போறவங்க மிஸ். நான் கீழ்ப்பிரிவு லயம். இது எங்க அத்தை."

வேலாயி பதறிப்போய் இரண்டு கையையும் ஆட்டினாள்.

"இல்லீங்க டீச்சரம்மா. இந்தப் புள்ள யாருன்னே எனக்குத் தெரியாதுங்க. சின்னப் புள்ள, என்னமோ தெரியாமச் சொல்லுது. வேலையில இருந்து நிப்பாட்டிறாதீக."

"அத்தை..."

"நான் ஒனக்கு அத்தையும் இல்ல, சொத்தையும் இல்ல. ஒக்காரு தாயி."

"ஏன் வேலாயி, போதுமே" என்றாள் இராக்கம்மா. அவள் வாய் நிற்கவில்லை. "நம்ம இராமையா மகதாங்க. நான்தான் தலைக்கு எண்ண வச்சிக் குளிப்பாட்டியிருக்கேன். மூக்கு ஒழுகிக்கிட்டு நிக்கும்."

யாரோ சிரித்தார்கள். லீலாதேவி மிஸ் சிரிக்கவில்லை. தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தார்.

"போன மாதம் நான் உம்மட்டைத்தானே கேட்டனான் யசோ. புரட்டுத்தானே எண்டு. ஓம் எண்டனீர்."

"ஓம் எண்டனான் மிஸ்."

"தெரிஞ்சுகொண்டோ?"

"தெரிஞ்சுதான்."

மிஸ் ஏசப் போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் முன்வரிசைக்கு இறங்கி வந்தார். வேலாயிக்கு முன்னால் நின்றார். வாசித்த முன்னுரையைக் கைக்குள் மடித்து மடித்துச் சின்னதாக்கினார்.

"எனக்குத் தெரியேல்லை அம்மா. உங்களைத் திரும்ப ஒருக்காக் கேட்டிருக்க வேணும். கேக்காமல் நானே முடிவெடுத்திட்டன். இவ்வளவு பேருக்கு முன்னால உங்களைக் கள்ளி எண்டு வாசிச்சுப்போட்டன்."

"ஐயோ, நீங்க ஏங்க டீச்சரம்மா. ஒங்களுக்கென்னங்க தெரியும், நீங்க யாப்பாணம்" என்றாள் வேலாயி.

மிஸ்ஸுக்கு அது ஆறுதலாகச் சொல்லப்பட்டதுதான். யசோதினிக்குத்தான் அது போய்த் தைத்தது.

கூட்டம் ஒருவாறு முடிந்தது. தேத்தண்ணியும் வடையும் கொடுத்தார்கள். நாளைக்குக் காலையில் வாரும், பேசுவம் என்று மட்டும் சொல்லிவிட்டு மிஸ் போனார். வேலை இருக்கிறதா, போய்விட்டதா என்று அந்தக் குரலில் ஒன்றும் விளங்கவில்லை. யசோதினி தோட்டத்துப் பெண்களுக்குப் பின்னால் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். கூப்பிடவும் இல்லை, வராதே என்று சொல்லவும் இல்லை. தெமோதரை பஸ் இன்னும் வரவில்லை. வேலாயி ஒரு தூணோடு ஒதுங்கி நின்றாள். மற்றவர்கள் கொஞ்சம் தள்ளிப் போய்க் கச்சான் கடலை வாங்கினார்கள்.

"ஏன்டி வாயத் தொறந்த? நான்தான் தெரியாதுன்னு சாதிச்சிக்கிட்டு இருந்தேன்ல?"

"முடியல அத்தை."

"வேல போயிருமா?"

"தெரியல."

வேலாயியின் சேலை ஓரத்தில் தேத்தண்ணி சிந்தியிருந்தது. அதைக் கையால் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த மிசினுதானேடி மாத்துச்சு? நீயே சொல்லுவியே, மிசினுக்குத் தமிழ் தெரியாது, கண்டபடி மாத்திப்புடும்னு. அது செஞ்சதுதானே?"

கேட்கிறபோது அவள் குரல் கெஞ்சியது. ஆமா என்று ஒரு சொல் போதும். அத்தை அதை வாங்கிக்கொண்டு லயத்துக்குப் போய், மிசினு பண்ணுன கூத்தக் கேளுங்கடி என்று ஒரு கதையாக்கிவிடுவாள். அம்மாவும் சிரிப்பாள்.

"இல்ல அத்தை. மிசினு அத மாத்தாமத்தான் விட்டுட்டுப் போகப் பாத்துச்சு. நான்தான் ஒன்னு விடாம மாத்த வச்சேன்."

வேலாயியின் கை சேலையில் நின்றது.

"என் பேச்சுன்னு தெரிஞ்சா?"

"மொதல்ல தெரியாது. அப்புறம் தெரியும். நேத்து பீலிக்கரையில நின்னப்பவும் தெரியும்."

"நேத்தா?" வேலாயி அவளை நிமிர்ந்து பார்த்தாள். அன்று முழுவதும் பார்க்காமலிருந்தவள் இப்போதுதான் பார்த்தாள். "நேத்து நான் கேட்டேனேடி. பெரட்டப் பத்திச் சொன்னத போட்டுட்டாங்களான்னு கேட்டேன். மொதல்ல போட்டிருக்காங்கன்ன."

"ஆமா அத்தை."

"எம்புட்டுச் சந்தோசப்பட்டேன்."

பஸ் வந்தது. சனம் முண்டியது. இராக்கம்மா ஏறி சீட் பிடித்துக்கொண்டு, "வேலாயி, வாடி, எடம் வச்சிருக்கேன். சேலய மிதிச்சிக்காத!" என்று யன்னலால் கத்தினாள். யசோதினியைக் கண்டதும், "நீயும் வர்றியாடி? ஒங்கம்மா வூட்லதான் இருக்கு" என்றாள்.

யசோதினி அத்தையைப் பார்த்தாள். வேலாயி எரவல் சேலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு படியில் ஏறினாள். வா என்று சொல்லவில்லை. உள்ளே போய் இராக்கம்மாவின் பக்கத்தில், யன்னலுக்கு மறுபக்கமாக உட்கார்ந்தாள்.

"வர்றாளா இல்லையா?" என்று இராக்கம்மா கேட்பது கேட்டது.

"அவளையே கேளு" என்றாள் வேலாயி.

கண்டக்டர் மணியடித்தான். யசோதினி ஓடிப்போய் மிதிபலகையில் ஏறிக்கொண்டாள். உள்ளே இடம் இருந்தும் போகாமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.